சீடன் போட்ட நாடகம்

நாடகம் இயக்குவதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு நான் வக்தாங்கோவைத்தான் காட்டுவேன். 1911-ல், 28 வயதில், மாஸ்கோ கலை அரங்கில் சேர்ந்தவர் அவர். ஸ்டானிஸ்லாவ்ஸ்கி பேசப் பேசக் குறிப்பெடுத்துக்கொண்ட சீடர்.

1913-ல் ஜெர்மன் ஆசிரியர் ஹாப்ட்மானின் நாடகம் ஒன்றை அவர் இயக்கினார். உணர்ச்சி வெறியாகிவிட்டது என்று குருவுக்குக் கோபம். மறு ஆண்டு மாணவர்களை வைத்துப் போட்ட நாடகம் தோற்றது. வெளியே வேலை செய்யக் கூடாது என்று தடையும் வந்தது. ஆனாலும் அந்த மாணவர்களோடு ரகசியமாக ஒத்திகையைத் தொடர்ந்தார்.

1922-ல் 'துராந்தோ இளவரசி'. விருந்து உடையில் வந்த நடிகர்கள் ஜனங்கள் பார்க்கவே வேஷம் கட்டிக்கொண்டார்கள். துண்டு தாடியாயிற்று. மேடை என்பதே மறந்துபோக வேண்டும் என்றவர் குரு. இது மேடைதான் என்று நினைவூட்டிக்கொண்டே இருந்தார் சீடர்.

இது குருத்துரோகம் அல்லவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. துண்டைத் தாடியென்று நடிகன் உள்ளூர நம்பாவிட்டால் நமக்குச் சிரிப்பு வராது, அசட்டுத்தனம்தான் தெரியும். அந்த நம்பிக்கை குரு கொடுத்தது. அதைக் கொண்டு என்ன செய்வது என்பது சீடருடையது.

முழு ஒத்திகையின் இடைவேளையிலேயே, வீட்டில் நோயாய்க் கிடந்த சீடருக்குத் தம் பாராட்டைத் தெரிவித்துவிட்டார் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி. அரங்கேற்றத்தைப் பார்க்காமலே அந்த மே மாதம் வக்தாங்கோவ் இறந்தார்.

பாடத்தை அப்படியே ஒப்பிக்கிற மாணவர்களைக் கொண்டு நாடகப் பள்ளிகளை மெச்சுகிறவர்கள், அந்த இடைவேளையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.