ஹவில்தாரின் வீடும் ரணவிருவின் வீடும்

வேலூர் மாவட்டம் கணியம்பாடிக்கு அருகில் உள்ள கம்மவான்பேட்டையை அக்கம்பக்கத்தார் ராணுவப்பேட்டை என்றும் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர். இப்படிப்பட்ட ஊர்களில் ஓட்டு வீடு மாடி வீடாவது பெரும்பாலும் மகன் பென்ஷனோடு திரும்பிய பிறகுதான்.

இந்தியச் சிப்பாய்க்கு 15 ஆண்டுப் பணி முடிந்தால் ஓய்வூதியம் உண்டு. பலர் நாற்பதை ஒட்டிய வயதிலேயே வெளியே வந்துவிடுகிறார்கள். அறுபதில் ஓய்வு பெறும் தாசில்தார் வீட்டுக்கடன் கேட்டால் வங்கி மேலாளர் முதலில் வயதைப் பார்ப்பார். 38 வயது ஹவில்தாருக்கு அந்தச் சிக்கல் இல்லை; இருபது ஆண்டுத் தவணை தாராளமாகக் கிடைக்கும். சீக்கிரம் ஊருக்கு அனுப்பப்படுவதில் அவருக்குக் கிடைக்கும் ஒரே லாபம் இதுதான் போலும்.

பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணை, டிஸ்சார்ஜ் புத்தகம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் கையில் இருந்தும் கடன் தொகை குறைந்துபோகும் இடம் ஒன்று உண்டு. அதுதான் கம்யூட்டேஷன். முப்படையினர் தம் ஓய்வூதியத்தில் பாதி வரை முன்கூட்டியே மொத்தமாகப் பெற்றுக்கொள்ளலாம். அந்தப் பாதி 15 ஆண்டு கழித்தே திரும்ப வரும். அடிப்படை ஓய்வூதியம் 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அகவிலைப்படியைத் தள்ளிவைத்துப் பார்த்தால், பாதியை இப்படி விற்றவர் கைக்கு வருவது மாதம் 12,000. எட்டரை சதவீத வட்டியில் 10 லட்சத்தை 20 ஆண்டில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய 8,700 ரூபாய். வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை போகக் கூடாது என்று வங்கி சொன்னால், விற்காதவருக்குக் கடன் கிடைக்கும். விற்றவருக்கு ஏழு லட்சம்கூடத் தேறாது. ஓய்வு பெறும் அவசரத்தில் படிவத்தில் சதவீதத்தை எழுதுபவர்களில் எத்தனை பேர் இதை யோசிக்கிறார்கள்?

இன்னொரு நுணுக்கம். 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டப்படி கடன் கொடுத்தவர் யாரும் ஓய்வூதியத்தை ஜப்தி செய்ய முடியாது. வங்கிக்கும் இது தெரியும். அதனால்தான் பென்ஷன் கணக்கு தன் கிளையிலேயே இருக்கட்டும் என்றும், குடும்ப ஓய்வூதியம் பெறப்போகும் மனைவி கையெழுத்திடட்டும் என்றும் கேட்கிறது. ஸ்டேட் பாங்கின் ‘சௌர்யா’ போலப் படையினருக்கென்றே கடன் திட்டங்கள் உள்ளன. 1978இல் தொடங்கிய ராணுவ நல வீட்டுவசதி அமைப்பு லாப நோக்கமின்றிக் குடியிருப்பு கட்டுகிறது. கடற்படைக்கும் விமானப்படைக்கும் சேர்த்துத் தனி வாரியம். அது கட்டிய குடியிருப்புகளில் பல ‘ஜல் வாயு விஹார்’. ஜல் கடற்படைக்காரருக்கு, வாயு விமானப்படைக்காரருக்கு. பெயரிலேயே பங்கு பிரித்துவிட்டார்கள்.

பாக்கு நீரிணைக்கு அப்பால், இலங்கையில், கதை வேறு. அங்கே படைவீரர் ‘ரணவிரு’, அதாவது போர் வீரர். 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் ரணவிரு சேவா அதிகார சபையை உருவாக்கியது. உள்நாட்டுப் போரில் இறந்தவர், காணாமற்போனவர், அங்கவீனமானவர் ஆகியோரின் குடும்பங்களே அதன் முதல் கவனம். பொலிஸாரும் அதில் அடக்கம். போர் உச்சத்தில் இருந்த காலத்தில் ‘அபி வெனுவென் அபி’, நமக்காக நாம், என்ற நிதியம் பொதுமக்களின் நன்கொடையையும் சேர்த்துப் படையினருக்கு வீடு கட்டக் கிளம்பியது. இந்திய ஹவில்தாரின் வீடு வங்கி மேசையில் முடிவாகிறது என்றால், இலங்கைச் சிப்பாயின் வீட்டில் அரசின் கையும் அரசியல்வாதியின் திறப்புவிழாவும் கலந்திருந்தன.

ஆனால் காணி? இலங்கை நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அரச காணி. குடியேற்றத் திட்டத்துப் படைவீரரிடம் பெரும்பாலும் உறுதி எனும் சொந்தப் பத்திரம் இராது, அனுமதிப்பத்திரம்தான் இருக்கும். அதை ஈடு வைக்கப் பிரதேச செயலகத்தின் சம்மதம் வேண்டும். பட்டா மேல் கடன் வாங்கிப் பழகிய தமிழ்நாட்டுக்காரருக்கு இது விளங்கச் சற்று நேரமாகும்.

ஓய்வூதியத்துக்கு அங்கே சாதாரணச் சிப்பாய் 22 ஆண்டு சேவை செய்ய வேண்டும். அங்கவீனமாகி 12 ஆண்டு முடிக்காமல் விலகியவர்கள் 2018இல் கொழும்பு வீதியில் இறங்கியது ஓய்வூதியம் கேட்டுத்தான். ரணவிரு என்ற பட்டம் அவர்களுக்கும் இருந்தது. வங்கி கேட்கும் மாதாந்தக் கொடுப்பனவு அப்போது இருக்கவில்லை.

அதே போரில் வடக்கில் வீடிழந்த தமிழருக்கு இந்தியா கட்டிக்கொடுத்த வீடு கடனே அல்ல. ஒரு குடும்பத்துக்கு 5,50,000 இலங்கை ரூபாய், தவணை தவணையாக நன்கொடை. கடன் வாங்கிக் கட்டும் இந்தியச் சிப்பாய்க்கு இதைச் சொன்னால் என்ன நினைப்பாரோ!

இரு நாட்டிலும் வீட்டைத் தீர்மானிப்பது பதக்கத்தைவிடப் பணியாண்டுகள்தான். இனி ஆட்களும் அந்த ஆண்டுகளும் குறையப்போகின்றன. இலங்கை தன் இராணுவத்தை 2030க்குள் ஒரு லட்சமாகச் சுருக்குவதாக 2023இல் அறிவித்தது. இந்தியாவில் நான்காண்டுப் பணிக்கு மட்டும் 2022இல் சேர்ந்த முதல் அக்னிவீரர்களின் பணிக்காலம் 2026இல் நிறைகிறது. நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படாதவர்கள் சேவா நிதி எனும் சுமார் 11.7 லட்சம் ரூபாய் மொத்தத் தொகையோடு வெளியே வருவார்கள். அவர்களிடம் பி.பி.ஓ. இருக்காது, முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் கிடையாது.