ஒரே நாளில் கூடுவதற்கான கணக்கு

யூத நாட்காட்டியை எடைபோட ஒரே அளவுகோல்தான் இருக்கிறது: சிதறிக் கிடக்கும் ஒரு சமூகத்தை அது ஒரே நாளில் பண்டிகை கொண்டாட வைக்கிறதா?

ஆதியில் மாதப் பிறப்பைக் கணக்கு முடிவு செய்யவில்லை, கண்கள் முடிவு செய்தன. பிறை கண்ட சாட்சிகளை நீதிமன்றம் விசாரித்து நாளை அறிவிக்கும். அதில் தகராறும் வந்தது. யவ்னேயில் நீதிமன்றத் தலைவர் கமாலியேல் ஏற்ற சாட்சியத்தை ரபி யோசுவா ஏற்கவில்லை. 'உன் கணக்குப்படி யோம் கிப்பூர் வரும் நாளில் தடியோடும் பணத்தோடும் என்னிடம் வா' என்று கமாலியேல் கட்டளையிட்டதாக யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. பாவப் பரிகார நோன்பு நாளான யோம் கிப்பூரில் பணத்தைத் தொடக்கூடாது. யோசுவா போனார். கமாலியேல் எழுந்து அவர் தலையில் முத்தமிட்டார். தன் கணக்கைவிட ஊர் ஒன்றாக இருப்பது பெரிது என்று யோசுவா எடுத்த முடிவு எனக்கு மிகப் பெரியதாகப்படுகிறது.

நிலையான கணக்கை வகுத்தவர் நான்காம் நூற்றாண்டின் இரண்டாம் ஹில்லேல் என்பது மரபு. மாதம் நிலவைப் பின்பற்றுகிறது. பஸ்காவோ வசந்தத்தில் வர வேண்டும். எனவே 19 ஆண்டுகளில் 7 முறை பதின்மூன்றாம் மாதம் சேர்கிறது. யோம் கிப்பூர் வெள்ளியிலோ ஞாயிறிலோ வராதபடி புத்தாண்டைத் தள்ளிவைக்கும் விதியும் உண்டு. வந்தால் சனிக்கிழமை ஓய்வுநாளோடு ஒட்டி, இரண்டு நாள் அடுப்பு எரியாது, இறந்தவரைப் புதைக்கவும் முடியாது. மனிதர்களை நினைத்துப் போட்ட விதி இது.

குறையும் உண்டு. இந்தக் கணக்கின் சராசரி ஆண்டு, சூரிய ஆண்டைவிட ஆறரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். சுமார் 216 ஆண்டுகளுக்கு ஒரு நாள் பிசகுகிறது. அதனால் பண்டிகைகள் மெல்லத் தள்ளிப்போகின்றன: 2016இல் வசந்தத்தின் முதல் முழுநிலவு மார்ச் 23இல் வந்தும், பஸ்கா ஏப்ரல் 22 மாலையில்தான் தொடங்கியது. திருத்த அதிகாரம் பெற்ற சன்ஹெத்ரின் மன்றம் இன்று இல்லை. ஆனாலும் இதை நான் பொறுத்துக்கொள்வேன். ஆளுக்கொரு திருத்தம் என்று இறங்கினால் 922 திரும்பி வரும். அந்த ஆண்டு நாட்காட்டிக் கணக்கைப் பற்றிப் பாலஸ்தீனத்து அறிஞர் பென் மேயிரும் பாபிலோன் தரப்பு அறிஞர் சாதியாவும் மோதியதில் பஸ்கா இரண்டு வெவ்வேறு நாள்களில் நடந்தது.

பொறுக்க முடியாதது வேறொன்று. மாதப் பிறப்பை அறிவிக்கும் நீதிமன்றத் தூதர் உரிய நேரத்தில் வந்து சேராத தூர ஊர்களுக்காக ஏற்பட்ட இரண்டாம் பண்டிகை நாள், ஐயமற்ற கணக்கு வந்த பிறகும் நீடிக்கிறது. இஸ்ரேலில் ஏழு நாள் பஸ்கா, வெளிநாட்டு மரபுவழி யூதருக்கு எட்டு நாள். ஒன்றாக இருக்கவே பிறந்த நாட்காட்டி இங்கே தானே பிரிக்கிறது. சீர்திருத்த யூதச் சபைகள் பெரும்பாலும் இந்தக் கூடுதல் நாளைக் கைவிட்டுவிட்டன. மரபுவழிச் சபைகளும் கைவிடலாம். கணக்கில் ஓர் எண்ணைக்கூட மாற்ற வேண்டியதில்லை.