15 மில்லிமீட்டர்

காரின் அழகைப் பக்கவாட்டில் நின்று பார்ப்பவர்கள்தான் அதிகம். பின்னால் போய், பத்தடி தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். உடம்பு அகன்றிருக்கும், சக்கரங்கள் உள்ளே ஒடுங்கியிருக்கும். ஃபெண்டர் விளிம்புக்கும் டயரின் பக்கச்சுவருக்கும் நடுவே ஒரு பள்ளம், அதில் நிழல். சின்னக் கார்களின் கீழ் வேரியன்டுகளில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 2018-இல் வந்த ஸ்விஃப்டில் கீழ் வேரியன்டுக்கு 165/80 ஆர்14 டயர், மேல் வேரியன்டுக்கு 185/65 ஆர்15. தகடு இரண்டுக்கும் ஒன்றுதான். 165 டயரோடு நிற்கும் வண்டி, அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த தம்பி மாதிரி இருக்கும்.

இதற்காகக் கம்பெனிக்காரர்களைத் திட்டிப் பயனில்லை. ஐந்து ஆள், டிக்கி நிறைய மூட்டை, முழுக்கத் திருப்பிய ஸ்டியரிங், கூடவே ஒரு ஸ்பீட் பிரேக்கர் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்தாலும் டயர் எங்கும் உரசக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. ஐரோப்பாவுக்கும் போகும் மாடலென்றால் பனிச்சங்கிலிக்கும் இடம் விட வேண்டும். அப்படி விட்ட இடத்தைத்தான் ஸ்பேசர் போடுகிறவன் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறான்.

ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் உட்காரும் வட்டமான அலுமினியத் துண்டு. வீலின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் வரை உள்ள தூரத்தை இ.டி. என்பார்கள். இ.டி. 40 உள்ள வீலுக்குப் பின்னால் 15 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் அது இ.டி. 25 வீல் போல வெளியே வந்து நிற்கும். இரண்டு பக்கமும் சேர்த்து அகலம் 30 மி.மீ. கூடும்.

சக்கரத்தை வெளியே தள்ளினால் கார் கம்பீரமாகும் என்பதை ஒரு கம்பெனியே வியாபாரமாக்கியது 1959-இல். பாண்டியாக் நிர்வாகி பங்கி நட்ஸன், அந்த வருட மாடலின் அகன்ற உடம்புக்கேற்ப சக்கரங்களை வெளியே தள்ள வைத்தார். ‘வைட் டிராக்’ என்ற பெயரில் விளம்பரம் வந்தது. அதற்கு ஓவியம் வரைந்தவர்கள் ஆர்ட் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் வான் காஃப்மனும். காரை ஃபிட்ஸ்பாட்ரிக் வரைவார், பின்னணியையும் ஆட்களையும் காஃப்மன். அந்தப் படங்களில் கார் உண்மையில் இருப்பதைவிட இன்னும் அகலம். ஆக்ஸிலை நீட்டிய பிறகும் மிச்ச அகலத்தைத் தூரிகை கொடுத்தது! ஸ்டான்ஸ், அதாவது வண்டி நிற்கும் தோரணை, பெரும்பாலும் கண்ணின் விவகாரம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டாம்.

ஆனால் ஸ்பேசர் விற்கிறவர்கள் கண்ணைப் பற்றிப் பேசுவதில்லை, ரோட் கிரிப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பொய்யில்லை, ஆனால் சின்ன உண்மை. வளைவில் எடை உள் சக்கரத்திலிருந்து வெளிச் சக்கரத்துக்கு மாறும் அளவு, வண்டியின் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தையும் சக்கரங்களுக்கிடையே உள்ள அகலத்தையும் பொறுத்தது. அகலம் கூடினால் எடை மாறுவது குறையும். ஃபோக்ஸ்வேகன் போலோவில் சக்கரங்களுக்கிடையே உள்ள இந்த அகலம் ஏறக்குறைய 1,460 மி.மீ. அதில் 30 மி.மீ. என்பது 2 சதவீதம். நல்ல டயர் இதைவிட எத்தனையோ மடங்கு கொடுக்கும். எதிர்ப்பக்கத்தில், சக்கரம் வெளியே போகப் போக வீல் பேரிங் மேல் நெம்பு கூடுகிறது. முன்பக்கமென்றால் ரோட்டுக் குழியெல்லாம் ஸ்டியரிங்கில் தெரியும். போர்ஷே கம்பெனி 911-இன் சில மாடல்களுக்குத் தானே ஆப்ஷனாக விற்ற ஸ்பேசர் வெறும் 5 மி.மீ. வேகம் தெரிந்தவர்களின் அடக்கம் அது.

ஆகவே இதை அழகுக்காகச் செய்கிறோம் என்று ஒப்புக்கொண்டு, அழகாகவே செய்ய வேண்டும்.

கோவையில் லேத்தும் சி.என்.சி.யும் தெருவுக்குத் தெரு உண்டு. ஸ்பேசர் கடைந்து தரச் சொன்னால் சாயங்காலமே வாங்கிவிடலாம். எல்லாரும் கடைவது ஒன்று போல இருப்பதில்லை. போலோவின் ஹப் நடுவில் 57.1 மி.மீ. விட்டத்தில் ஒரு கழுத்து நீட்டிக்கொண்டிருக்கும். வீல் நடுவாக உட்கார்வது அதன் மேல்தான். போல்ட் அழுத்திப் பிடிக்க மட்டுமே. ஸ்பேசரின் ஓட்டை அந்தக் கழுத்துக்கு இழையாகப் பொருந்த வேண்டும், வெளிப்பக்கத்தில் வீலுக்காக அதே அளவில் இன்னொரு கழுத்தும் வேண்டும். நன்றாகக் கடைந்த ஸ்பேசரை நேராகப் பிடித்தால் தள்ளாமலே ஏறும். இம்மி சாய்ந்தாலும் பாதியில் மாட்டிக்கொண்டு இறங்க மறுக்கும். கையில் அந்த வழுவழுப்பு கிடைக்கிறபோது காசு கொடுத்தது வீணில்லை என்று தோன்றும்.

மெக்கானிக் திறமைசாலியா என்று பார்க்க நான் கவனிக்கும் இடம் வேறு. கழுத்து ஹப்பின் முகத்தோடு சேரும் மூலையில் ஒரு சின்ன வளைவு உண்டு. ஸ்பேசரின் உள்விளிம்பை அதற்கேற்பச் சாய்வாகச் சீவியிருக்க வேண்டும். சீவாத ஸ்பேசர் வளைவின் மேல் ஏறி நிற்கும். முகத்தோடு முகம் படியாது. தெரிந்தவர், ஹப்பில் படிந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்பேசரை வைத்து, சுற்றிலும் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். நகம் ஓரிடத்தில் நுழைந்தாலும் கழற்றிவிடுவார்.

அளவிலும் ஒரு பொறி இருக்கிறது. 5 மி.மீ. வைத்தால் காரின் கழுத்திலேயே வீலுக்கு மிச்சம் இருக்கும். 15 வைத்தால் ஸ்பேசரில் புதுக் கழுத்து கடைய இடம் உண்டு. நடுவில் 8, 10 என்று வருபவைதான் தொல்லை: பழைய கழுத்தை விழுங்கிவிடும், புதியதைக் கடையத் தடிமன் போதாது. அதிலும் மோசம், எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று ஏழெட்டு ஓட்டைகளோடு விற்கும் வார்ப்பு ஸ்பேசர். எல்லாருக்கும் பொருந்துவது யாருக்கும் பொருந்தாது. எண்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குவதில் அது தெரிந்துவிடும்.

போல்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். போலோவில் ஸ்டட் இல்லை, எம்14 போல்ட். 15 மி.மீ. ஸ்பேசருக்குப் பழையதைவிடச் சரியாக 15 மி.மீ. கூடுதல் நீளமான போல்ட். குறைந்தால் மரை போதாது. விட்டத்தின் அளவுக்காவது, அதாவது ஒன்பது சுற்றாவது உள்ளே ஏற வேண்டும். அதிகமானால் பின்பக்க டிரம்முக்குள் நீட்டி பிரேக் ஷூவில் இடிக்கும். கம்பெனி அலாயில் போல்டின் தலை உட்காரும் இடம் கிண்ணம் போல் உருண்டையாக இருக்கும். வெளி மார்க்கெட் அலாய்களில் பெரும்பாலும் கூம்பு. மாற்றிப் போட்டால் மெல்லிய ஒரு வளையத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், இறுக்கினதுபோலவே தெரியும். நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர். நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை. கால் வைத்து ஸ்பானரை மிதிக்கும் பட்டறையாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எத்தனை மில்லிமீட்டர் என்பதில்தான் ரசனை. நல்ல பட்டறையில் ஸ்பேசரைக் கையில் எடுப்பதற்கு முன்பே தூக்குக் குண்டை எடுத்துவிடுவார்கள். ஜாக்கியிலிருந்து இறக்கிய வண்டியில் டயர் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்; நாலடி முன்னும் பின்னும் உருட்டி சஸ்பென்ஷனை உட்கார வைத்தபின் ஃபெண்டர் விளிம்பிலிருந்து நூலை விட்டு, டயருக்கு உள்ள இடைவெளியை அளப்பார்கள். பின்சீட்டில் இரண்டு பேரை ஏற்றி இன்னொரு முறை. முன்னும் பின்னும் ஒரே அளவு வராது.

“இருபதே போட்டுடுங்ணா.”

“வேண்டாம் தம்பி. பதினஞ்சுலயே நூலுக்கு வந்துரும். இருபதுன்னா ஃபெண்டர் மடிப்பை உருட்டோணும், பெயின்ட் வெடிக்கும்.”

அந்த ‘வேண்டாம்’தான் இந்தக் கலையின் பாதி. டயரின் பக்கச்சுவர் விளிம்போடு நேராக, அல்லது விளிம்புக்கு ஒரு நூல் உள்ளே. அதற்கு வெளியே போனது அகலமில்லை, துருத்தல். ஸ்பேசர் கடைவதில் பேர்போன எய்பாக், எச்&ஆர் இரண்டும் ஜெர்மனிக் கம்பெனிகள்; அவர்கள் ஊரில் செல்லும் ஐரோப்பிய விதிப்படி சக்கர மையத்துக்கு மேல், முன்னால் 30 பாகையும் பின்னால் 50 பாகையும் டயரின் தடம் ஃபெண்டருக்குள் மூடியிருக்க வேண்டும். சட்டமாக எழுதியிருந்தாலும் அழகியலாகவும் சரியாகத்தான் இருக்கிறது. நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும், கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதைப் பற்றிக் கறாராகவே பேசுகின்றன. துருத்திக்கொண்டு திரியும் வண்டியைத்தான் முதலில் ஓரங்கட்டுவார்கள் என்பது தனி.

சரியாக அமைந்த வண்டியில் ஸ்பேசர் போட்டிருப்பதே தெரியாது. வண்டி கீழே இறங்கியதா, டயர் மாற்றினார்களா என்று கேட்பார்கள், இரண்டும் இல்லை. மழைக்காலத்தில் மட்டும் தெரிந்துவிடும். கம்பெனி மட்ஃப்ளாப் இப்போது 15 மி.மீ. குறைச்சல், டயர் வாரியிறைக்கிற சேறு பின்கதவுக் கைப்பிடி வரை ஏறும். அகலமான மட்ஃப்ளாப் கடையில் கிடைக்கிறது. அதை மாட்டினால் பின்னாலிருந்து பார்க்கச் சகிக்காது. நான் கதவைக் கழுவிக்கொள்கிறேன்.