அணுக்கழிவு வேலை: வழிகாட்டிகள் எழுதாத பக்கம்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில், 'அடுத்து என்ன படிக்கலாம்?' என்னும் வழிகாட்டி நூல்களும் பத்திரிகை இணைப்புகளும் நம் கைக்கு வந்து குவிகின்றன. அவற்றில் அணுசக்தித் துறைக்கென்று ஒரு பக்கம் அநேகமாக இருக்கும். பெரிய குளிர்விப்புக் கோபுரம் ஒன்றின் படமும் போட்டிருப்பார்கள். (கல்பாக்கம் மின் நிலையத்தில் அப்படி ஒரு கோபுரமே கிடையாது, அங்கே குளிர்விக்கும் வேலையைக் கடல்நீர் செய்கிறது.) படத்தின் கீழே, 1957-இல் தொடங்கப்பட்ட டிராம்பே பயிற்சிப் பள்ளி, அதில் சேரும் முறை, உதவித்தொகை ஆகிய விவரங்கள் வரும். கடைசியில், இடம் மிஞ்சியிருந்தால், 'கழிவு மேலாண்மைப் பிரிவிலும் வேலைவாய்ப்புகள் உண்டு' என்று ஒரு வரி. இக்கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றிய விமர்சனம்.

ஒரு வரிக்கு இத்தனை விமர்சனமா என்று வாசகர் கேட்கலாம். வள்ளூர், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் கல்லூரி ஆசிரியராக இருப்பவருக்கு அது சிறிய விஷயமாகத் தோன்றாது. இங்கே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலருடைய தகப்பனாரோ அண்ணனோ அனல் மின் நிலையத்திலோ, துறைமுகத்திலோ, சிப்காட் ஆலையிலோ ஒப்பந்தக் கூலியாக இருக்கிறார்கள். வேலை எப்படி என்ற கேள்விக்குச் சம்பளத்தை மட்டும் சொன்னால் பதிலாகாது என்பதை வீட்டிலேயே கற்றவர்கள் இவர்கள். தமிழ் வழியில் படித்த இந்த மாணவனுக்கு வழிகாட்டி நூல்தான் முதல் துணை. பல சமயம் ஒரே துணையும் அதுதான்.

கழிவு என்றால் என்ன என்பதும் இவர்களுக்குத் தெரியும். வள்ளூர் அனல் மின் நிலையத்தின் திறன் 1500 மெகாவாட். முழுத் திறனில் ஒரு நாள் ஓடினால் 3.6 கோடி யூனிட் மின்சாரம். யூனிட்டுக்கு 700 கிராம் நிலக்கரி என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 25,000 டன். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல் என்று கொண்டால், நாளொன்றுக்கு 8,000 டன் சாம்பல். அதே மின்சாரத்தைக் கல்பாக்கத்தில் உள்ளவை போன்ற கனநீர் உலைகளில் தயாரித்தால் நாளொன்றுக்கு முக்கால் டன் யுரேனியம் போதும். இவ்விதமான ஒப்பீட்டை அணுசக்தியைப் பற்றி எழுதுவோர் விரும்பிச் சொல்வதுண்டு. கணக்கு சரிதான். ஆனால் கணக்கை அங்கேயே நிறுத்திவிட்டால், கழிவு என்பது ஏதோ ஓர் ஓரத்து வேலை என்ற எண்ணம் மாணவன் மனத்தில் பதிந்துவிடுகிறது.

சாம்பலை நீரில் கரைத்துக் குழாய் வழியே அனுப்பலாம், லாரியில் ஏற்றலாம், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு மனிதன் அதன் அருகிலே நிற்கலாம். (அவன் நுரையீரலுக்கு நல்லதன்று, கொசஸ்தலை ஆற்றுக்கும் நல்லதன்று என்பது வேறு விஷயம்.) உலையிலிருந்து அப்போதுதான் எடுத்த எரிபொருள் கற்றையின் அருகே, தடுப்பு ஏதுமின்றி, சில நிமிடங்கள் நின்றவன் பிழைப்பது அரிது. ஆகவே இங்கே ஒவ்வொரு கிலோவுக்கும் தேவைப்படும் ஆட்களும் அறிவும் அதிகம். எடை குறைவாக இருப்பதால் வேலை குறைந்துவிடுவதில்லை.

கல்பாக்கத்தில் நடப்பதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். பயன்பட்ட எரிபொருளை முதலில் ஆழமான நீர்த்தொட்டியில் ஆறவிடுகிறார்கள். பிறகு துண்டு துண்டாக வெட்டி நைட்ரிக் அமிலத்தில் கரைக்கிறார்கள். கரைசலிலிருந்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் ட்ரைபியூட்டைல் பாஸ்பேட் என்ற கரிமச் சேர்மம் தனியே இழுத்துக்கொள்கிறது. மீந்து நிற்கும் திரவத்தில்தான் பிளவுப் பொருட்கள் உள்ளன. ஒரு டன் கனநீர் உலை எரிபொருளில் இவற்றின் எடை ஏழு கிலோ அளவே. ஆனால் கதிரியக்கத்தில் மிகப் பெரும்பங்கு இந்த ஏழு கிலோவிலே அடங்கியிருக்கிறது. திரவத்தைச் சுண்டக் காய்ச்சி, போரோசிலிக்கேட் கண்ணாடிக்கான மூலப்பொருட்களுடன் சேர்த்து, ஏறக்குறைய 1,000 டிகிரி வெப்பத்தில் உருக்கி, எவர்சில்வர்க் கலங்களில் வார்த்து மூடி பற்றவைக்கிறார்கள். ஆய்வகத்துக் குடுவையும் இதே இனத்துக் கண்ணாடிதான். அமிலத்துக்கும் சூட்டுக்கும் அசையாத அந்தக் குணமே இங்கும் வேண்டப்படுகிறது.

இத்தனையும் தடித்த கான்கிரீட் சுவருக்கு அப்பால் நடக்கிறது. இயக்குபவர் ஈயக் கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்தபடி, இயந்திரக் கைகளைக் கொண்டு வேலை செய்கிறார். இதற்கு யார் யார் வேண்டும்? வேதியியல் படித்தவர், கண்ணாடி பற்றி அறிந்தவர், கருவிகளைப் பழுது பார்ப்பவர், கிரேன் இயக்குபவர், கதிர்வீச்சை அளப்பவர், பற்றவைப்பவர். கையால் பிடித்துப் பற்றவைக்கக் கற்ற ஐ.டி.ஐ. பையன், பற்றவைப்பின் இடத்தை நெருங்கவே முடியாத நிலையில் அதே வேலையைச் செய்யக் கற்க வேண்டும். இது சாதாரணத் திறமை அன்று. கையுறை, துணி, வடிகட்டி போன்ற குறைந்த கதிரியக்கமுள்ள கழிவுகளுக்கு வேறு வழி: அழுத்திச் சுருக்குவது, சிமென்டில் கலந்து இறுக்குவது, கான்கிரீட் அறைகளில் வைப்பது. அவ்விடத்தைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரைத் தொடர்ந்து சோதிக்க நிலவியல் படித்தவர் வேண்டும். கழிவுத் திரவத்திலிருந்து சீசியம்-137 ஐசோடோப்பைப் பிரித்தெடுத்து, நோயாளிக்குச் செலுத்தும் இரத்தத்தைக் கதிரூட்டிப் பக்குவப்படுத்தும் கருவிகளுக்கு நம் நாட்டிலேயே பயன்படுத்துகிறார்கள் என்பதும் குறிப்பிடத்தக்கது. ஒரு வழிகாட்டிப் பக்கத்துக்கு இதைவிடச் சுவையான செய்தி வேறென்ன இருக்கிறது?

பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் இந்த வேலைகளைப் பார்க்கும் அமைப்பின் பெயர் அணு மறுசுழற்சி வாரியம். 2022-இல் அது 266 இடங்களுக்கு ஆள் எடுக்க அறிவித்தது. தாராப்பூர், கல்பாக்கம், மும்பை ஆகிய இடங்களில் வேலை. அவற்றில் 189 இடங்கள் இரண்டாம் வகைப் பயிற்சியாளருக்கு, அதாவது ஐ.டி.ஐ. முடித்தோருக்கும் பிளஸ் டூ விஞ்ஞானப் பிரிவினருக்கும் உரியவை. விஞ்ஞானி ஆகலாம் என்று தலைப்பிடும் வழிகாட்டிகள் இந்த விகிதத்தைக் கவனிக்க வேண்டும். அந்த வாரியத்தின் பெயரிலோ கழிவு என்ற சொல்லே இல்லை. மறுசுழற்சி என்பது பொய்யான சொல் அன்று. யுரேனியமும் புளூட்டோனியமும் திரும்பவும் பயன்படத்தான் போகின்றன. ஆயினும், கழிவைக் கையாள்பவனை நம் சமூகம் எங்கே நிறுத்தி வைத்திருக்கிறது என்பதை நினைத்தால், அச்சொல்லை எல்லோரும் தவிர்ப்பதன் காரணம் புரிகிறது. சொல்லைத் தவிர்ப்பதால் அந்த மரியாதைக்குறைவு போய்விடாது. வேலையின் நுட்பத்தை விளக்கிச் சொன்னால் ஒருவேளை போகலாம்.

அடுத்து, வழிகாட்டிகளில் நான் கண்டிராத ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். வயது வரம்பு எழுதுகிறார்கள். உதவித்தொகையை ரூபாய் பைசா சுத்தமாக எழுதுகிறார்கள். உயரம், எடை கூட எழுதுகிறார்கள். கதிர்வீச்சு அளவின் வரம்பை எழுதுவதில்லை. இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளர் ஒருவருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. பொதுமக்களுக்கு உரிய வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவெர்ட். இயற்கையிலிருந்து நாம் எல்லோரும் பெறுவது உலகச் சராசரியில் 2.4. வரம்பை விதித்துக் கண்காணிக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-இல் அமைக்கப்பட்டது. பணியாளர் மார்பில் அணியும் சிறு பட்டைதான் அவர் பெற்ற அளவின் கணக்குப் புத்தகம். நிரந்தர ஊழியர் ஆனாலும் ஒப்பந்தத் தொழிலாளி ஆனாலும் அந்தப் பட்டையும் அதன் பதிவும் அவருக்கு உரியவை. இதைத் தெரிந்துகொண்டு போகிறவனுக்கும் தெரியாமல் போகிறவனுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது.

மிகைப்படுத்துகிறேன் என்று எண்ணுவோர்க்காக: 2003 ஜனவரி 21 அன்று கல்பாக்கம் மறுபதப்படுத்தும் ஆலையின் கழிவுத் தொட்டிப் பகுதியில், குறைந்த கதிரியக்கமுள்ள திரவம் என்று நினைத்துச் சிலர் மாதிரி எடுத்தனர். ஒரு வால்வு பழுதடைந்து உயர் கதிரியக்கத் திரவம் அங்கே புகுந்திருந்தது அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பகுதியில் அதை எச்சரிக்கும் கண்காணிப்புக் கருவியும் இல்லை. மாதிரியைச் சோதித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. ஆறு பேர் ஆண்டு வரம்பை மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். ஆலை அப்போது பழசும் அன்று; இயங்கத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இந்நிகழ்ச்சியைச் சொன்னால் மாணவர்கள் பயந்துவிடுவார்கள் என்பது சில ஆசிரியர்களின் வாதம். அதை நான் ஏற்கவில்லை. மாதிரி எடுக்கும் வேலைக்கே போகப் போகிற மாணவனிடம் அல்லவா இதை மறைக்கிறோம்!

இத்தொழிலின் இன்னொரு விசேஷம் அதன் கால அளவு. சீசியம்-137-இன் அரை ஆயுட்காலம் 30 ஆண்டு. 22 வயதில் வேலைக்குச் சேர்ந்து 60 வயதில் ஓய்வு பெறும் ஒருவர், தாம் சேர்ந்த அன்று வார்த்த கண்ணாடியில் இருந்த சீசியத்தில் நூற்றுக்கு 41 பங்குக்கு மேல் அப்படியே விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். புளூட்டோனியம்-239-க்கோ 24,000 ஆண்டு. நிரந்தரமாக ஆழத்தில் புதைக்கும் இடம் நம் நாட்டில் இன்னும் அமையவில்லை. 1980-களில் கோலார் தங்கச் சுரங்கத்தின் கைவிடப்பட்ட பகுதி ஒன்றில், சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில், பாறையைச் சூடாக்கிச் சோதனை செய்தனர். நம் வட ஆற்காட்டுத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த அதே சுரங்கம். 2012-இல் கூடங்குளம் வழக்கை ஒட்டிக் கோலாரின் பெயர் அடிபட்டதும் அங்கே போராட்டம் மூண்டது. அங்கு கழிவு வைக்கும் உத்தேசம் இல்லை என்று அரசுத் தரப்பு மறுத்தது. பின்லாந்தில் ஒங்காலோ என்னுமிடத்தில் 400 மீட்டருக்குக் கீழே பாறையில் குடைந்த கிடங்கின் சோதனை ஓட்டம் 2024-இல் தொடங்கியது. பிரிட்டனின் செல்லாபீல்டில் மறுபதப்படுத்தும் வேலை 2022-இல் நின்றுவிட்டது. ஆயினும் சுத்திகரிப்பு வேலைக்கென்று பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே பணி செய்கின்றனர். உலை மூடப்படலாம், கழிவு வேலை மூடப்படுவதில்லை. வேலை நிரந்தரமா என்று கேட்கும் பெற்றோருக்கு இதைவிட நிரந்தரமான வேலையைக் காட்ட முடியாது!

கல்பாக்கம் நமக்கு நூறு கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. கதிரியக்கக் கழிவு அவ்வளவு தூரத்தில் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் நிறைய உண்டு. பழைய இரும்போடு பழைய கதிரியக்க மூலமும் வந்து சேரலாம். 2010-இல் டில்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் இதுவே நடந்தது. பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்று 1960-களின் இறுதியில் வாங்கிய கோபால்ட்-60 கருவி ஏலத்தில் போய், அங்கே உடைக்கப்பட்டது. தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். கோபால்ட்டின் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டு. நாற்பதாண்டில் அதன் கதிரியக்கம் இருநூறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிட்டிருந்தது. அந்த மிச்சம்தான் உயிரைக் குடித்தது. இதற்கு முன், 2008-இல், இந்தியாவில் உருக்கிய எஃகில் கோபால்ட்-60 கலந்திருந்தது பிரான்சில் லிப்ட் பொத்தான்களைச் செய்தபோதுதான் தெரியவந்தது. அனல் மின் நிலையக் கொதிகலன் குழாய்களின் பற்றவைப்பைச் சோதிக்க இரிடியம்-192 அடங்கிய காமா கேமராக்கள் பயன்படுகின்றன. அதன் அரை ஆயுட்காலம் 74 நாள். ஓய்ந்த மூலத்தை முறைப்படி திருப்பி அனுப்பியாக வேண்டும்.

ஆகவே துறைமுக வாயிலில், உருக்காலை எடைமேடையில், கொதிகலன் சோதனைக் கூடாரத்தில், கதிர்வீச்சை அளக்கத் தெரிந்த ஆள் தேவை. தொழிற்கூடக் கதிர்ப்படப் பயிற்சிகளும், எம்.எஸ்ஸி. இயற்பியலுக்குப் பின் பாபா மையம் நடத்தும் ஓராண்டுக் கதிரியல் இயற்பியல் பட்டயப் படிப்பும் இவ்வேலைகளுக்கு வழி. கல்லூரி ஆய்வகங்களும் இதில் பழியிலிருந்து தப்ப முடியாது. கெய்கர்-முல்லர் எண்ணியை வைத்து மின்னழுத்த வரைகோடு போட்டு ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு பல இடங்களில் சோதனை முடிந்துவிடுகிறது. ஒரு மூட்டைப் பழைய இரும்பில் மூலத்தை எங்கே ஒளித்திருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லும் சோதனை எந்த ரெக்கார்டிலும் என் கண்ணில் பட்டதில்லை. அதற்குக் கூடுதல் செலவும் இல்லை. இருக்கிற எண்ணியே போதும்.

மூன்று இதழ் கொண்ட கதிரியக்கச் சின்னத்தைப் பார்த்து மின்விசிறிச் சின்னமோ என்று கேட்கிற மாணவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அந்தச் சின்னம் ஆபத்து என்ற பொருளை மக்களுக்கு உணர்த்தவில்லை என்று கண்டுதான், 2007-இல் சர்வதேச அணுசக்தி முகமை வேறொரு துணைச் சின்னத்தை வெளியிட்டது: சிவப்புப் பின்னணியில் கதிர்கள், மண்டையோடு, ஓடும் மனிதன். எழுதப் படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்ளும் படம். வழிகாட்டி நூல்காரர்கள் அடுத்த பதிப்பில் அந்தக் குளிர்விப்புக் கோபுரத்தை எடுத்துவிட்டு இந்தப் படத்தைப் போடலாம்.