விடுவதில் இருக்கிறது வித்தை

இத்தாலியின் மோன்சா ஓடுதளத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நேர்பாதை, வலமும் இடமுமாக ஒடியும் ஒரு சிக்கேனில் போய் முடிகிறது. வேகத்துக்குக் கடிவாளம் போட 1972இல் அதை அங்கே வைத்தார்கள். இன்றைய வடிவம் 2000இல் வந்தது. ஃபார்முலா ஒன் கார் மணிக்கு 330 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்து வந்து, சில நொடிகளில் அதில் கால்வாசி வேகத்துக்கு இறங்கியாக வேண்டும். கணினியில் கார் பந்தயம் ஓட்டும் சிம் ரேசிங் ஆடும் ஒருவரின் தரம் தெரிய, சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ்ஸை அணைத்துவிட்டு அவரை இந்த ஓரிடத்தில் ஓட்டச் சொன்னால் போதும்.

ஏபிஎஸ் இருந்தால் ஓங்கி மிதித்துவிட்டு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொள்ளலாம். அதில் இழிவில்லை, நிஜ ஜிடி3 பந்தயக் கார்களிலேயே அது உண்டு. ஃபார்முலா ஒன்னில் 1993இன் வில்லியம்ஸ் காரில் இருந்தது. 1994இல் தடை வந்ததும் அந்தப் பொறுப்பு மறுபடி ஓட்டுநரின் இடது காலுக்கோ வலது காலுக்கோ வந்து சேர்ந்தது. 'அசெட்டோ கோர்சா' போன்ற சிமுலேட்டரில் அந்த உதவியை அணைக்கும்போது நம் காலுக்கும் அதே பொறுப்புதான்.

பிரேக் என்றால் மிதிப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். மிதிக்க யாருக்கும் வரும். விடத் தெரிவதுதான் கலை.

காரணம் காற்றில் இருக்கிறது. இறக்கைகள் காரைத் தரையோடு அழுத்தும் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 300இல் இருக்கும் அழுத்தத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் 100இல் மிஞ்சும். உச்ச வேகத்தில் டயர் தாங்கிய அதே மிதியைப் பாதி வழியில் அது தாங்காது, சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதனால் முதல் அடி முழு பலத்தோடு, பிறகு வேகம் இறங்க இறங்கக் காலும் இளக வேண்டும். டெலிமெட்ரி வரைபடத்தில் இது அப்படியே தெரியும். புதியவரின் பிரேக் கோடு பெட்டிபோல ஏறி, நின்று, விழும். தேர்ந்தவருடையது செங்குத்தாக ஏறிச் சரிந்து, வளைவுக்குள்ளும் மெல்லிய வால்போல நீளும். அந்த வாலுக்குத்தான் ட்ரெயில் பிரேக்கிங் என்று பெயர்.

இறக்கை இல்லாத கார் என்றால் இலக்கணமே வேறு. 1967 பந்தயப் பருவத்தை அப்படியே கொண்டுவந்த 'கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ்' என்ற 1998ஆம் ஆண்டு விளையாட்டில் லோட்டஸ் 49ஐ எடுத்து, இன்றைய காரைப்போல் ஓங்கி மிதித்துப் பாருங்கள், நேராகப் புல்வெளிதான். அங்கே முதலில் பெடலைப் பிழிய வேண்டும். எடை முன்சக்கரங்களுக்கு வந்து உட்கார்ந்த பிறகே மிச்ச பலத்தைக் கொடுக்கலாம்.

மோன்சாவில் வலப்பக்கம் திரும்பும் அந்தக் கணத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கார் வலப்பக்கம் ஒடியும்போது எடை இடப்பக்கம் சாய்கிறது; உள்பக்கமான வலது முன்சக்கரம் லேசாகிறது. பூட்டிக்கொள்வதும் அதுதான் முதலில். ரீப்ளேயில் புகை கிளம்புவது அங்கிருந்துதான். நிஜக் காரில் உடம்பே சொல்லிவிடும். இங்கே உட்கார்ந்திருப்பது ஆடாத நாற்காலியில். காதும் உள்ளங்கையும்தான் துணை. டயரின் கீச்சொலி சட்டென்று உராய்வொலியாக மாறும். கையை எதிர்த்துக்கொண்டிருந்த ஸ்டியரிங் திடீரென்று தொளதொளக்கும். பதறி மொத்தமாகக் காலை எடுத்தால் மூக்கு நிமிர்ந்து, முன்பக்கப் பிடி போய், வளைவைத் தாண்டிப் போய்விடும். தேர்ந்தவர் ஒரு நூல் அளவுதான் தளர்த்துவார். சக்கரம் மறுபடி உருளத் தொடங்கும். அது தவறினால் டயரில் ஓரிடம் தட்டையாகத் தேய்ந்து, அடுத்த சுற்றுகளிலும் ஸ்டியரிங்கில் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

வீணையில் தந்தியை இழுத்துப் பிடித்த ஸ்வரத்தை மெல்லத் தளர்த்தும்போதும் நாதம் தொடர்கிறது. அந்தத் தளர்வு கரடுமுரடானால் கமகமே கெட்டுவிடும். ட்ரெயில் பிரேக்கிங்கும் அப்படித்தான். முன்பக்கம் கனமாக இருக்கும்வரைதான் மூக்கு வளைவுக்குள் நுழையும். அளவுக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தால் பின்பக்கம் வழுக்கும். பிரேக் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பங்கிடும் பிரேக் பயாஸை ஒரு புள்ளி முன்னுக்குத் தள்ளிப் பின்பக்கத்தை அடக்கலாம். விலையாக முன்சக்கரம் சீக்கிரம் பூட்டும். இந்த நுணுக்கத்துக்காகத்தான் பலரும் லோட் செல் பெடலுக்கு மாறுகிறார்கள். பெடல் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை அது பார்ப்பதில்லை. கால் கொடுத்த விசையை அளக்கிறது. தசைக்குத் தூரத்தைவிட விசைதான் நன்றாக நினைவிருக்கும் என்பார்கள்.

கூட்டம் ரசிப்பது கடைசி மீட்டரில் பிரேக் பிடிப்பவரை. மோன்சாவில் அதில் கிடைப்பது கொஞ்சம்தான். சிக்கேனைத் தாண்டியதும் குர்வா கிராண்டே என்ற நீண்ட வலது வளைவு. அங்கிருந்து இரண்டாவது சிக்கேன்வரை ஆக்சிலரேட்டர் முழுதாக அழுந்தியே இருக்கும். பிரேக்கைப் பக்குவமாக விட்டவரின் கார் முன்கூட்டியே திரும்பி முடித்து, முன்கூட்டியே வேகமெடுக்கிறது. வெளியேறும்போது கூடுதலாகக் கிடைத்த நாலைந்து கிலோமீட்டர் வேகம் அந்தத் தூரம் முழுக்கக் கூடவே வரும். அடுத்த முறை யாருடைய ரீப்ளேயையாவது பார்த்தால், அவர் எங்கே மிதித்தார் என்று தேடாதீர்கள். எங்கே முழுதாக விட்டார் என்று பாருங்கள்.