அந்த 4 புள்ளிகள் எங்கே போக வேண்டும்? போக்கிமான் தரவரிசையும் 'செட்' கட்டுவதும்

போக்கிமானைப் போட்டியாக ஆட வருகிறவர்கள் எல்லோரும் முதலில் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "எது டாப்?" "அதுக்கு நல்ல செட் எது?" இரண்டுக்குமே இணையத்தில் பதில் தயாராக இருக்கிறது. முதலாவதற்கு அடுக்குப் பட்டியல். இரண்டாவதற்கு, அப்படியே காப்பி செய்து ஒட்டிக்கொள்ளும்படி எழுதிவைத்த செட்.

இந்தப் பதில்கள் தப்பு என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் சரிதான். ஆனால் அவை எந்தக் கேள்விக்கான பதில்கள் என்பது வழியில் எங்கேயோ தொலைந்துபோகிறது. இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒரு அணியில் ஆறு போக்கிமான்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு தாக்குதல்கள், கையில் ஒரு பொருள், ஒரு ஏபிலிட்டி, ஒரு நேச்சர். அதோடு 'ஈவி' எனப்படும் பயிற்சிப் புள்ளிகள் மொத்தம் 510. ஒரு பண்புக்கு அதிகபட்சம் 252. லெவல் 100-ல் 4 ஈவி போட்டால் அந்தப் பண்பு 1 கூடும். இவை எல்லாம் சேர்ந்ததுதான் 'செட்'.

4.52 என்ற எண்

ஒற்றையர் ஆட்டத்தில் எல்லோரும் பார்ப்பது ஸ்மோகன் என்ற ரசிகர் அமைப்பின் அடுக்குகளை. 2004-ல் தொடங்கியது. மேலே ஊபர்ஸ், அதற்குக் கீழே ஓயூ, யூயூ, ஆர்யூ, என்யூ, பியூ என்று இறங்கும். ஓயூ என்பதன் விரிவு 'ஓவர்யூஸ்ட்', அதாவது அதிகம் பயன்படுத்தப்படுவது. பெயரிலேயே விஷயம் இருக்கு. வலிமையானது என்று அந்தப் பெயர் சொல்லவே இல்லை.

ஓயூவுக்குள் வர ஒரு போக்கிமான் 4.52 சதவீத அணிகளில் இருக்க வேண்டும். இந்த எண் எங்கிருந்து வந்தது? கணக்கு எளிது. ஒரு போக்கிமான் 4.52 சதவீத அணிகளில் இருந்தால், தொடர்ந்து 15 ஆட்டங்களில் அதை ஒரு தடவைகூடப் பார்க்காமல் இருக்கும் வாய்ப்பு சரிபாதி. அதாவது 15 ஆட்டம் ஆடினால் ஒரு முறையாவது எதிரே வர 50 சதவீத வாய்ப்புள்ளவையே ஓயூ. முன்பு இந்தக் கோடு 3.41-ல் இருந்தது, அது 20 ஆட்டங்களுக்கான அதே கணக்கு.

எனக்கு இந்த எண் மேல் மரியாதை உண்டு. யாருடைய ரசனையும் இதில் இல்லை. நல்ல ரேட்டிங் உள்ளவர்களின் ஆட்டத்துக்குக் கூடுதல் எடை உண்டு, அவ்வளவுதான். ஆனால் இது பதில் சொல்வது "நான் யாரைச் சந்திப்பேன்?" என்ற கேள்விக்கு. "யார் பலசாலி?" என்பதற்கு இல்லை.

வித்தியாசம் தெரிய ஸ்லேக்கிங்கைப் பாருங்கள். அதன் அடிப்படைப் பண்புகளின் கூட்டுத்தொகை 670. கதையில் தெய்வம் மாதிரி வரும் கையோகருக்கும் க்ரவுடானுக்கும் அதே 670தான். ஆனால் ஸ்லேக்கிங்கின் ஏபிலிட்டி 'ட்ரூவன்ட்': ஒரு முறை அடித்தால் அடுத்த முறை சும்மா உட்கார்ந்திருக்கும். காகிதத்தில் அசுரன், களத்தில் அடுக்கின் அடிவாரம்.

இன்னொரு சாட்சி அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. யூயூவில் ஆட விட்டால் அந்த அடுக்கையே கெடுத்துவிடும், ஆனால் ஓயூவில் போதிய பேர் எடுப்பதில்லை என்ற நிலையில் சில போக்கிமான்கள் மாட்டிக்கொள்ளும். அவற்றுக்கு 'யூயூபிஎல்' என்று தனிப் பட்டியல். பயன்பாடும் வலிமையும் ஒன்றே என்றால் இந்தப் பட்டியலுக்கு வேலையே இருந்திருக்காது.

இதில் ஒரு சுழற்சியும் உண்டு. பட்டியலில் மேலே இருப்பதற்கு நல்ல செட்டுகள் எழுதப்படும். எழுதப்பட்டதைப் பலர் எடுப்பார்கள். பலர் எடுப்பதால் அது மேலேயே இருக்கும். கீழே கிடப்பதை யார் சோதித்துப் பார்க்கப் போகிறார்கள்?

எஸ், ஏ, பி: எந்த கார்சாம்ப்புக்கு?

இந்தக் குறையை ஈடுகட்டத்தான் இன்னொரு தரவரிசை. அனுபவம் உள்ள ஆட்டக்காரர்கள் விவாதித்து எஸ், ஏ, பி, சி என்று எழுத்து கொடுப்பார்கள். எண்ணிக்கையைவிட இது மதிப்பீட்டுக்கு நெருக்கமானது. ஆனால் இங்கே வேறொரு சிக்கல். எழுத்து, போக்கிமானுக்குக் கொடுக்கப்படுகிறது. களத்தில் இறங்குவதோ செட்.

கார்சாம்ப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு கார்சாம்ப் 'ரஃப் ஸ்கின்' ஏபிலிட்டியோடு 'ராக்கி ஹெல்மெட்' மாட்டி வரும். தொட்டு அடிக்கிற எதிரிக்கு ஏபிலிட்டியால் எட்டில் ஒரு பங்கு, ஹெல்மெட்டால் ஆறில் ஒரு பங்கு உயிர்ப்புள்ளி போகும். மொத்தம் கிட்டத்தட்ட 29 சதவீதம், அதுவும் கார்சாம்ப் திருப்பி அடிக்காமலே. இன்னொரு கார்சாம்ப் 'ஸ்வார்ட்ஸ் டான்ஸ்' போட்டுத் தாக்கும் சக்தியை இரட்டிப்பாக்கி வரிசையாக வீழ்த்தப் பார்க்கும். மூன்றாவது, 'சாய்ஸ் ஸ்கார்ஃப்' கட்டி வேகத்தை ஒன்றரை மடங்காக்கிக்கொண்டு, தேர்ந்த ஒரே தாக்குதலில் பூட்டப்பட்டு நிற்கும்.

முதலாவது மதில் சுவர், இரண்டாவது கோடாரி, மூன்றாவது பதுங்கிப் பாய்வது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே எழுத்து கொடுத்தால் அது எதைப் பற்றிய மதிப்பீடு?

5 புள்ளி இடைவெளிக்குள் ஒரு களம்

இனி செட்டுக்குள் போவோம். கார்சாம்ப்பின் அடிப்படை வேகம் 102. சாலமென்ஸ், ஜிராச்சி, ஜாப்டோஸ் எல்லாம் 100-ல் நிற்கின்றன. இந்த 2 புள்ளிதான் கார்சாம்ப்பின் பெரிய சொத்து. லெவல் 100-ல் வேகத்தில் 252 ஈவியும் 'ஜாலி' நேச்சரும் போட்டால் கார்சாம்ப் 333. வேகத்தை முழுதாக ஏற்றிய சாலமென்ஸ் 328.

காப்பி செய்கிறவர் 252 போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். கொஞ்சம் நின்று கேட்டுப் பாருங்கள்: 328-ஐ முந்த 333 எதற்கு? 240 ஈவி போட்டாலே 330 வந்துவிடும். மிச்சம் 12 ஈவி, அதாவது வேறொரு பண்பில் 3 புள்ளி. அப்போ எல்லோரும் வீணாகவா 252 போடுகிறார்கள்? இல்லை. எதிரே இன்னொரு கார்சாம்ப் 333-ல் வந்தால் நம் 330 தோற்கும். இன்னொன்றும் உண்டு: லாண்டரஸின் இன்கார்னேட் வடிவம். அதன் அடிப்படை வேகம் 101, முழுதாக ஏற்றினால் 331. அது அனுமதிக்கப்பட்ட களத்தில் 330 என்பது ஒரு புள்ளியில் தோற்கும் எண்.

ஆக 252 என்பது 'அதிகபட்சம் நல்லது' என்பதால் வந்ததில்லை. "எதிரே கார்சாம்ப்பும் லாண்டரஸும் வரலாம், அவற்றுக்கு நான் பணிய மாட்டேன்" என்ற முடிவு அது. உங்கள் கார்சாம்ப் ஹெல்மெட் மாட்டிய மதில் சுவர் என்றால் அந்த முடிவு தேவையே இல்லாமல் போகலாம்.

இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் வால்கரோனா. 252, 252 என்று இரண்டு பண்புகளில் போட்டபின் உபயோகமாக மிஞ்சுவது 4 ஈவி. "மிச்சத்தை ஹெச்.பி.யில போட்டுடு" என்பது பழைய வழக்கம். வால்கரோனாவுக்கு அது நேரடி நஷ்டம்.

காரணம் 'ஸ்டெல்த் ராக்'. 2006-ல் வந்த தாக்குதல். களத்தில் கல்லைத் தூவி வைத்தால், உள்ளே வரும் போக்கிமானுக்கு அதன் பலவீனத்துக்கு ஏற்ப அடி விழும். நெருப்பும் பூச்சியுமான வால்கரோனாவுக்குக் கல் நாலு மடங்கு ஆகாது. ஒவ்வொரு முறை நுழையும்போதும் மொத்த உயிரில் பாதி போகும். ஈவி போடாத வால்கரோனாவின் ஹெச்.பி. 311. பாதி என்பது கீழ்நோக்கி முழு எண்ணாக்கப்பட்டு 155. முதல் நுழைவில் மிச்சம் 156. இரண்டாவது நுழைவில் மிச்சம் 1. உயிரோடு இருக்கிறது! அந்த 4 ஈவியை ஹெச்.பி.யில் போட்டால் 312. பாதி 156. இரண்டாவது நுழைவில் பூஜ்ஜியம். ஒரு புள்ளி உயிர் கூட்டியதால் செத்துப்போகிறது.

அப்புறம் 2019-ல் 'ஹெவி ட்யூட்டி பூட்ஸ்' என்ற பொருள் வந்தது. மாட்டிக்கொண்டால் கல் குத்தாது. பூட்ஸ் போட்ட வால்கரோனாவுக்கு 311, 312 என்ற பேச்சே பெரும்பாலும் தேவையில்லை. பழைய செட்டில் ஹெச்.பி.யைத் தொடாமல் விட்டதன் காரணம் காலாவதியாகிவிட்டது. காரணம் எழுதப்படாத செட்டில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பச்சிரிசு ஏன் ஜெயித்தது

இதுவரை பார்த்தது ஒற்றையர் ஆட்டம். அதிகாரபூர்வ உலகப் போட்டி இரட்டையர் முறையில் நடக்கிறது: ஆறில் நாலைத் தேர்ந்து, ஒரே நேரத்தில் இரண்டிரண்டாக இறக்குவார்கள். 2014-ல் வாஷிங்டனில் நடந்த போட்டியில் தென் கொரியாவின் செஜுன் பார்க் சாம்பியன் ஆனார். அவர் அணியில் பச்சிரிசு இருந்தது. கூட்டுத்தொகை வெறும் 405 உள்ள அணில். எந்த அடுக்குப் பட்டியலிலும் கீழேதான் கிடக்கும்.

இதை 'மனசுக்குப் பிடிச்சதோட ஆடினா ஜெயிக்கலாம்' என்ற கதையாகச் சொல்வதுண்டு. எனக்கு உடன்பாடில்லை. அந்தச் செட்டைப் படித்துப் பாருங்கள். 'ஃபாலோ மீ' எதிரியின் அடியைத் தன் பக்கம் இழுக்கும். 'வோல்ட் அப்சார்ப்' ஏபிலிட்டி மின்சார அடியை உயிராக மாற்றும். அதே அணியில் கயாரடோஸும் டேலன்ஃப்ளேமும். இரண்டுக்கும் மின்சாரம் ஆகாது. அவற்றுக்கு வரும் மின்சார அடியை அணில் வாங்கித் தின்றுவிடும். 'சூப்பர் ஃபேங்' எதிரியிடம் இருக்கும் உயிரில் பாதியை எடுக்கும். அடிக்கிறவரின் பலம் கணக்கில் வராது. 'நஸில்' பட்டால் பக்கவாதம் நிச்சயம். நான்காவது 'ப்ரொடெக்ட்'. பச்சிரிசுவின் சொந்தத் தாக்கும் சக்தியை நம்பி நிற்கும் ஒரு வரிகூட அந்தச் செட்டில் இல்லை.

அந்த அணிக்கு ஒரு வேலை இருந்தது, அதைச் செய்யக்கூடிய ஆளாகப் பச்சிரிசு வந்தது. இதே செட்டை ஒற்றையருக்குக் கொண்டுவந்தால் 'ஃபாலோ மீ'க்கு வேலையே கிடையாது.

ஒரு சின்ன வேண்டுகோள்

தயார் செட்டுகளே கூடாது என்று நான் வாதிடவில்லை. 510 புள்ளியையும் முதல் நாளே தானாகப் பிரிக்கச் சொன்னால் எவரும் ஓடிவிடுவார்கள். அளவு சொல்லிக் கொடுத்தால்தான் சமையல் வரும், பிறகுதான் கைப்பக்குவம். நல்ல அலசல் கட்டுரைகளில் காரணங்கள் விரிவாகவே இருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் காப்பி செய்யும்போது கூட வருவது செட் மட்டும்தான். கீழே உள்ள பத்தி அங்கேயே தங்கிவிடுகிறது.

அதனால் செட் எழுதுகிறவர்கள் அதன் கூடவே மூன்று வரி சேர்க்கலாம். ஒன்று, இந்த வேகம் யாரை முந்துவதற்காக. இரண்டு, யாருடைய எந்த அடியைத் தாங்குவதற்காக, அல்லது யாரை எத்தனை அடியில் வீழ்த்துவதற்காக. மூன்று, களத்தில் எது மாறினால் இந்தச் செட் செல்லாது. மூன்றாவது வரிதான் முக்கியம், அதைத்தான் எங்கேயும் காணோம்.

படிக்கிறவர்களுக்கும் வேலை உண்டு. உங்கள் அணியைத் திறந்து, ஆறு போக்கிமான்களின் ஈவி எண்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு எதிரியின் பெயரை எழுத முடிகிறதா? முடியாத இடத்தில் சேதக் கணிப்பானைத் திறந்து வையுங்கள். அந்த மிச்ச 4-லிருந்தே ஆரம்பிக்கலாம்.