ஓதற்பிரிவு யாருக்கு?

தலைவன் கல்விக்காகப் பிரிந்திருக்கும் காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக்கூடாது என்று தொல்காப்பியக் கற்பியலில் ஒரு நூற்பா உண்டு. வேந்தன் இட்ட வேலைக்காகப் போனால் ஓராண்டுக்குள் திரும்பிவிட வேண்டும். ஓதல், பகை, தூது என்று பிரிவின் காரணங்களை அகத்திணையியல் வரிசைப்படுத்துகிறது. பொருள் தேடிப் போகலாம். பரத்தையிடம் போவதற்கும் மருதத்தில் இடம் இருக்கிறது. தமிழின் மிகப் பழைய விடுப்பு விதிகள் இவைதான் என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வது என் வழக்கம். இந்த ஆண்டு நானே விடுப்பில் இருப்பதால் அந்த நூற்பாக்களை வேறு கண்ணோடு பார்க்க வேண்டியதாயிற்று.

தலைவிக்கு இந்த விதிகளில் ஒன்றும் பொருந்தாது. அவளுக்கு இருத்தலும் இரங்கலும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அவள் வாசலைத் தாண்டினால் அதற்குப் பெயர் உடன்போக்கு. துணைக்கு அவன் இருந்தாக வேண்டும். கடல்வழிப் பயணம் என்றால் அதுவும் கிடையாது. தனியே நடந்த பெண்கள் நம் மரபில் இல்லாமல் இல்லை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை இருக்கிறார். ஆனால் பின்வந்த செவிவழிக் கதைகள் அந்தப் பெயரை என்ன செய்தன? விநாயகரிடம் வேண்டி இளமையை உதிர்த்துக் கிழவியான பிறகுதான் ஔவையை ஊர்சுற்ற விட்டன. காரைக்கால் அம்மையார் இன்னும் தூரம் போனார். சேக்கிழார் சொல்லும் கதையில், வேறு மணம் செய்துகொண்ட கணவன் தன் காலில் வந்து விழுந்த பிறகு, அவனுக்காகத் தாங்கிய தசையைக் களைந்துவிட்டுப் பேயுருவைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். அதன் பிறகே கயிலையும் ஆலங்காடும் அவருக்கு வாய்க்கின்றன. பக்தியின் உச்சம் என்று மட்டும் இதை வாசிக்கும் கட்டுரைகள் எனக்குச் சலித்துவிட்டன. அது ஒரு விடுப்பு விண்ணப்பமும்கூட. இணைப்பாக உடலையே வைத்துக் கொடுத்த விண்ணப்பம்.

இன்றைய விதிக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் சபாட்டிகல் விடுப்பு இருக்கிறது. இணைப் பேராசிரியராகவோ பேராசிரியராகவோ ஏழு ஆண்டுகள் பணியாற்றிய நிரந்தர ஆசிரியருக்கு ஒரு தடவைக்கு ஓராண்டு, பணிக்காலம் முழுவதற்கும் இரண்டு ஆண்டுகள் வரை தரலாம். எதற்காக? அவருடைய திறமையும், அவரால் பல்கலைக்கழகத்துக்கும் உயர்கல்விக்கும் விளையும் பயனும் கூடுவதற்காக மட்டுமே. இந்த ‘மட்டுமே’ கண்ணை உறுத்துகிறது. சபாட்டிகல் என்ற சொல்லின் வேர் யூதர்களின் ஓய்வுநாள். ஆறு ஆண்டுகள் விதைத்த நிலத்தை ஏழாம் ஆண்டு ஓய விட வேண்டும் என்று விவிலியத்தின் லேவியர் நூல் சொல்கிறது. அந்த ஆண்டில் விதைக்கக் கூடாது, முறைப்படி அறுவடை செய்யவும் கூடாது. வயலை ஆறப்போடுவது என்று நம் ஊரில் சொல்வோமே, அதுதான். ஆறப்போட்ட வயலிடம் யாரும் விளைச்சல் கணக்குக் கேட்பதில்லை. பல்கலைக்கழகங்கள் ஏழு என்ற எண்ணை எடுத்துக்கொண்டு தரிசை விட்டுவிட்டன.

எனக்கு வாய்த்தது அந்த விடுப்பும் இல்லை. நான் வேலை பார்க்கும் அரசுக் கல்லூரியில் அப்படி ஒன்றை யாரும் வாங்கிப் பார்த்ததில்லை. வாரம் முழுக்கப் பாடம், நாக் குழு வருகைக்கான கோப்புகள், விடைத்தாள் திருத்தம், இரவு பதினொரு மணிக்குத் துறை வாட்ஸப்பில் வந்து காலை பத்து மணிக்குள் நிரப்பச் சொல்லும் படிவங்கள் என்று ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு பருவத்தின் நடுவில் என்னால் வாசிக்க முடியாமல் போயிற்று. எழுத்து தெரியும், வரி ஓடாது. விடுப்புக் கேட்டபோது அலுவலகத்தில் ஒருவர், “உடம்பு சரியில்லைன்னு எழுதிக் குடுங்க மேடம், மெடிக்கல்ல போட்டுடலாம், ஈசியா சாங்ஷன் ஆயிடும்” என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். நோயாளி வீட்டில் இருக்கலாம், பிள்ளை பெற்றவள் வீட்டில் இருக்கலாம். களைத்தவளுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. கடைசியில் ஓராண்டுக்கு ஊதியமில்லா விடுப்பு எடுத்தேன். வீட்டில் இன்னொரு சம்பளம் இருப்பதால் அது முடிந்தது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

நோயாளிக்குக் கிடைக்கும் ஓய்வும் ஆபத்தான சலுகைதான். ஷார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1892இல் வெளியிட்ட ‘மஞ்சள் சுவர்த்தாள்’ கதையில், மருத்துவனான கணவன் மனைவிக்கு ஓய்வையே மருந்தாக விதிக்கிறான். அவள் எழுதக் கூடாது. வெயர் மிட்செல் என்ற மருத்துவரின் ஓய்வுச் சிகிச்சைக்குக் கில்மனே ஆளானவர். ‘பயனுள்ளவளாக இரு’ என்ற கட்டளைக்கும் ‘சும்மா கிட’ என்ற கட்டளைக்கும் நடுவில் பெண்ணுக்கு எவ்வளவு குறுகிய இடம் விடப்பட்டிருக்கிறது என்பதை அந்தச் சின்னக் கதையைப்போல வேறு எதுவும் எனக்குக் காட்டவில்லை.

பர்ன்அவுட் என்கிறோமே, அந்தச் சொல்லை ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 1974இல் ஒரு கட்டுரை எழுதிக் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 2019இல் உலக சுகாதார நிறுவனம் அதை நோய் என்று சொல்லாமல், பணிசார்ந்த நிகழ்வு என்று விளக்கியது. கூடவே, வாழ்க்கையின் பிற பகுதிகளின் அனுபவங்களுக்கு இச்சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்றும் எல்லை கட்டியது. அந்த எல்லையை நம் வீடுகளில் எங்கே போடுவது? வாசலிலா, அடுப்படியிலா? இந்தியாவின் 2019 காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள், ஆண்கள் 97. 2024 கணக்கெடுப்பில் பெண்கள் 289, ஆண்கள் 88. ஐந்து ஆண்டுகளில் நமக்குப் பத்து நிமிடம் மிச்சம். ஆண்களும் தங்கள் பங்குக்கு ஒன்பது நிமிடத்தை மிச்சம் பிடித்துக்கொண்டார்கள். விடுப்பின் முதல் மாதமே என்னுடைய பத்து நிமிடமும் போயிற்று. “லீவுலதானே இருக்கே” என்று தொடங்கும் வாக்கியங்கள் மாமியாரின் கண் ஆஸ்பத்திரியில் முடிந்தன, நாத்தனார் மகளின் கல்லூரி விண்ணப்பத்தில் முடிந்தன. நண்பர்கள் வேறு மாதிரிக் கேட்டார்கள்: “அப்ப அடுத்த தொகுப்பு எப்போ?”

மூன்றாம் மாதத்தில்தான் வாசிப்பு திரும்பியது. முதலில் கையில் எடுத்தது அம்பையின் ‘காட்டில் ஒரு மான்’ தொகுப்பில் உள்ள ‘அடவி’. பல ஆண்டுகளாக நடத்திவரும் கதை. கணவனின் தொழில் வளர யோசனைகளைத் தந்தவள் செந்திரு. அதில் பங்குதாரராகும் உரிமை மட்டும் அவளுக்கு மறுக்கப்படுகிறது. அவள் காட்டுக்குக் கிளம்புகிறாள். காடு பெண்களுக்கு ஏற்ற இடமில்லை என்று கணவன் திருமலை தடுத்துப் பார்க்கிறான். காட்டில் தங்கி, சீதையின் கதையைச் சீதையின் பார்வையில் எழுதுகிறாள்.

இதைத் தொன்ம மறுவாசிப்பு என்று சொல்லி வகுப்பில் முடித்துவிடுகிறோம். தேர்வுக்கு அது போதும். இந்த முறை எனக்குச் சீதையைவிட அந்தத் தொழில்தான் முதலில் கண்ணில் பட்டது. பதவிப் பெயர் இல்லாமல் உழைத்தவள், உழைத்த இடத்தில் தனக்கு நாற்காலி இல்லை என்று தெரிந்ததும் எழுந்து போகிறாள். புராணம் வருவதற்கு முன்பே இது ஒரு வேலைக் கதை. அப்படி வாசித்தபோது ஓர் உறுத்தலும் வந்தது. காட்டுக்குப் போயும் செந்திரு ஒரு பிரதியை உருவாக்குகிறாள். மரங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டு வரும் ஒருத்தியை அம்பையாலும் எழுத முடியவில்லையா? இலக்கியம் பெண்ணுக்கு விடுப்புத் தரும்போதெல்லாம் கையெழுத்துப் பிரதியைப் பிணையாகக் கேட்கிறதா?

கதையின் முடிவு இந்தக் கேள்வியைத் தானே எடுத்துக்கொள்கிறது. செந்திரு எழுதும் சீதை கடைசியில் காட்டில் இராவணனைச் சந்திக்கிறாள். அவன் வீணை கற்றுத்தர முன்வருகிறான். வீணையை அவன் தூக்கித் தர வரும்போது, தரையிலேயே இருக்கட்டும் என்று சொல்லித் தானே எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். மனைவியின் கடமையும் தாயின் கடமையும் தீர்ந்துபோன பெண் அவள். அவள் கற்பதால் அயோத்திக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, லவகுசர்களுக்கும் ஆகப்போவதில்லை. அவள் வாசிப்பைக் கேட்டு மதிப்பெண் போடச் சபை எதுவும் இல்லை. கற்பியலில் எழுதப்படாத ஓதற்பிரிவு இதுதான் என்று பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். கால வரம்பும் அதற்கு இல்லை. வீணைக்கும் ஒரு சாதி உண்டு என்று என் தோழி ஒருத்தி சொல்வாள். சரிதான். செந்திருவைப்போல வீட்டைவிட்டுக் கிளம்ப எல்லாராலும் முடியாது என்பதும் சரிதான்.

பாமாவை நினைத்துக்கொள்கிறேன். 1992இல் துறவற சபையிலிருந்து வெளியேறினார். அதே ஆண்டில் ‘கருக்கு’ வந்தது. வேலையும் சேமிப்பும் இல்லாமல், அடுத்து என்ன என்று தெரியாமல் நின்ற இடைவெளி அது. அதை விடுப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் புத்தகத்தின் துணிச்சலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அந்த மாதங்களில் சோற்றுக்கு என்ன வழி என்று கேட்ட கட்டுரைகள் எனக்கு அதிகம் கிடைக்கவில்லை. புத்தகம் கிடைத்துவிட்டதால் பசி நியாயமாகிவிடுகிறது போலும். நாமும் மானியக் குழுவைப்போலத்தான் கணக்குப் பார்க்கிறோம்.

என் வகுப்புகளை இப்போது ஒரு கௌரவ விரிவுரையாளர் எடுக்கிறார். தொகுப்பூதியம்தான். மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. அந்த மாதம் அவர் ஒரு டியூஷன் சென்டரில் பத்தாம் வகுப்புக்கு இலக்கணம் நடத்துகிறார். பகுதி நேரமாகப் பதிவு செய்த முனைவர் பட்டம் ஏழாம் ஆண்டைத் தொட்டுவிட்டது. ஓர் இயல்தான் பாக்கி. இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் முடித்துவிடுவார். அந்த இரண்டு மாதம் எந்த விதியிலும் இல்லை. நான் ஆறப்போட்ட வயலை அவர் உழுதுகொண்டிருக்கிறார். போன வாரம் ‘அடவி’க்குக் குறிப்பு ஏதாவது இருக்கிறதா என்று கேட்க அழைத்தார். அனுப்புகிறேன் என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: “அக்கா, நீங்க ஜூன்ல ஜாயின் பண்ணிட்டா இந்தப் பேப்பர் எனக்கு இருக்குமா?”

ஜூனுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.